லரேடோவில் தோற்றவர் யார்?

2025 டிசம்பர் 3 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹென்ரி குவேயார் என்னும் காங்கிரஸ் உறுப்பினருக்கும் அவருடைய மனைவிக்கும் மன்னிப்பு வழங்கினார். அஜர்பைஜான் அரசின் எண்ணெய் நிறுவனத்திடமிருந்தும் மெக்சிகோ வங்கி ஒன்றிடமிருந்தும் ஏறத்தாழ 6 லட்சம் டாலர் லஞ்சம் பெற்றதாக அவ்விருவர் மீதும் 2024 மே மாதம் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. இருவரும் அதை மறுத்தார்கள். சாட்சிகள் கூண்டேறுவதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. ஆகவே குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை, குற்றமின்மை நிரூபிக்கப்படவும் இல்லை. டிரம்பின் தாராளம் எங்களுக்கு வியப்பளிக்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஹக்கீம் ஜெஃப்ரீஸ், கிடைத்த முடிவு சரியான முடிவே என்று சொன்னாரே, அதுதான் உறுத்தியது.

அச்செய்தியைப் படித்த அன்று எங்களில் ஒருவர் சொன்னது ஓர் எண்ணை மட்டுமே: 289. டெக்சாஸ் மாநிலத்தின் 28ஆம் தொகுதியில், 2022இல், சொந்தக் கட்சிக்குள்ளேயே குவேயாரை எதிர்த்து நின்ற ஜெசிக்கா சிஸ்நெரோஸ் என்ற இளம் வழக்கறிஞர் தோற்றது அந்த 289 வாக்குகளில்தான். பதிவான வாக்குகள் 45,000க்கு மேல். அந்த 289ஐத் தேடிச் சேர்த்துக் கொடுத்தவர்கள் யார், எந்தச் சொல்லைச் சொல்லிச் சேர்த்தார்கள் என்பதைப் பேசாமல் டிரம்பின் மன்னிப்பை மட்டும் பேசுவது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் டெக்சாஸ் தொகுதி எதற்கு என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. 2022 மே மாதத்திலேயே கேட்டார்கள். அப்போது எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தில் ஒரு மூத்த நண்பர், அந்தப் பெண் நல்லவர்தான், ஆனால் வெல்லக்கூடியவர் அல்லர், அரசியல் என்பது வளர்ந்தவர்களின் காரியம் என்று முடித்துவைத்தார். எங்களை எழுதத் தூண்டுவது அந்தச் சொல்தான். வெல்லக்கூடியவர். சொற்களோடு பழகுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட சொல்லைப் பார்த்தவுடனே சந்தேகம் எழ வேண்டும். இதில் எழுவாய் ஒளிந்திருக்கிறது. யார் பார்வையில் வெல்லக்கூடியவர்? யார் உதவினால்? வெல்லவிடாமல் தடுப்பவரே, இவர் வெல்லக்கூடியவர் அல்லர் என்று தீர்ப்பும் வழங்கும்போது, அதை எப்படி மதிப்பீடு என்று அழைப்பது?

தலைமை பெயர்ப்பட்டியலை வெளியிடும் முறைக்குப் பழகிய நமக்கு அமெரிக்க முறையைச் சற்று விளக்க வேண்டும். அங்கே ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். டெக்சாஸில் கட்சி உறுப்பினராகப் பதிந்துகொள்ளும் வழக்கம்கூட இல்லை. எந்த வாக்காளரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம், ஒன்றில் மட்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கிடையே இரண்டாம் சுற்று நடக்கும். ஏட்டளவில் இது உலகின் பல ஜனநாயகங்களும் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. தெருவில் நிற்கும் ஒருவர் தன் சொந்தக் கட்சியின் பெருந்தலைவரை வாக்குப்பெட்டியின் முன் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். 2018 ஜூன் மாதம் நியூயார்க்கில் 28 வயதான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் அதைத்தான் செய்தார். பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நான்காம் நிலைத் தலைவரான ஜோ குரோலி, 2004க்குப் பிறகு ஒரு பிரைமரி போட்டியைக்கூடச் சந்தித்திராதவர், ஓர் இரவில் வீழ்ந்தார். அன்றைக்குத் தலைமை கற்றுக்கொண்ட பாடம் எது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 2019 மார்ச்சில், நடப்பு உறுப்பினர்களை எதிர்த்துப் போட்டியிடுவோருக்கு வேலை செய்யும் ஆலோசகர்கள், கருத்துக்கணிப்பாளர்கள், விளம்பர நிறுவனங்கள் எவருக்கும் இனி எங்கள் ஒப்பந்தம் கிடையாது என்று கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு அறிவித்தது. தேர்தல் வேலையையே பிழைப்பாகக் கொண்ட ஒரு சிறு நிறுவனத்துக்கு இது என்ன பொருள் தரும் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டாண்டு கழித்து, 2021இல், அந்த விதி கைவிடப்பட்டது. சிஸ்நெரோஸ் முதன்முதலாகக் களம் இறங்கியது அது நடைமுறையில் இருந்த 2019 ஜூனில்.

லரேடோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டியை நியூயார்க் போட்டியின் நகலாகப் பார்த்தவர்கள் எல்லோரும் ஊரை மறந்தார்கள். ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் லரேடோ, தென்கரையில் மெக்சிகோவின் நுவேவோ லரேடோ. இடையில் பாலங்கள். அவற்றில் சரக்கு வண்டிகளுக்கென்றே கட்டப்பட்ட பாலத்தில் லாரிகள் நகர்ந்துகொண்டிருக்கும். இரு நாடுகளின் வணிகத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றை ஊரின் வழியாகப் போகிறது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் ஊரில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவர்கள்தான் 1898 முதல் ஆண்டுதோறும் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமாட்டிகளின் கனத்த உடையணிந்து, நடக்கவே சிரமப்பட்டு, மேடையேறுவார்கள். எல்லையில் வாழ்பவர்கள் தாங்கள் இந்த நாட்டவர்தாம் என்பதை மற்றவர்களைவிட உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது போலும். ஊரில் நிலையான சம்பளம் தரும் வேலைகளில் சுங்கத்துறையும் எல்லைக் காவல்படையும் முக்கியமானவை. தொகுதிக்குள்ளும் சுற்றிலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள். மருத்துவக் காப்பீடு இல்லாதோரின் விகிதத்தில் அமெரிக்காவிலேயே முதலிடம் டெக்சாஸுக்கு. மலிவான மருந்துக்கும் பல் வைத்தியத்துக்கும் பாலம் கடந்து அக்கரைக்குப் போய்வருவது எல்லையோர ஊர்களின் அன்றாடம். அம்மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். 2009க்குப் பிறகு அது ஒரு காசுகூட ஏறவில்லை.

இந்த ஊரின் மகன் குவேயார். இடம்பெயர்ந்து வயல்வேலை செய்த பெற்றோரின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். சட்டமும் முனைவர் பட்டமும் உட்படப் படித்துக் குவித்தவர். தம்பி அதே மாவட்டத்தின் ஷெரீப் ஆனார். ஊரில் யாருக்கு எந்த அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமென்றாலும் அவர் வீட்டு வாசல் திறந்திருக்கும் என்பார்கள். காங்கிரஸில் அரசுச் செலவுகளை ஒதுக்கும் வலிமை மிக்க குழுவில் இடம்பிடித்து, தொகுதிக்குப் பணம் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் ஏளனம் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை; வறிய ஊருக்குப் பாலமும் சாலையும் கொண்டுவருபவரை அவ்வூர் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2000இல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷை ஆதரித்தவர் இவர். மறு ஆண்டு குடியரசுக் கட்சி ஆளுநரின் கீழ் மாநில அரசில் பதவி வகித்தவர். 2021 மார்ச்சில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை விரிவாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது அதற்கு எதிராக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். டெக்சாஸில் கருவுற்ற ஆறு வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2021 செப்டம்பரில், கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கும் மசோதாவுக்கு எதிராக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரரும் அவர்தான். துப்பாக்கி உரிமைச் சங்கம் அவருக்கு உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருந்தது. குடியேறிகளை அடைத்துவைக்கும் தனியார் சிறை நிறுவனம் ஒன்றுக்கு லரேடோவிலேயே ஒரு தடுப்பு முகாம் உண்டு. அவருடைய தேர்தல் நிதிக்கு நன்கொடை அளித்தவற்றில் அந்நிறுவனமும் ஒன்று.

சிஸ்நெரோஸும் இதே ஊரின் மகள். மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோர். பள்ளியில் முதல் மாணவி. ஆஸ்டினில் சட்டம் படித்து, தடுப்புக் காவலில் கிடந்த குடியேறிகளுக்காக வாதாடும் வழக்கறிஞரானவர். கல்லூரிக் காலத்தில், 2014இல், வாஷிங்டனில் அவர் பயிற்சிப் பணி செய்தது யாருடைய அலுவலகத்தில்? குவேயாரின் அலுவலகத்தில். போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 26. அனைவருக்கும் அரசே நடத்தும் மருத்துவக் காப்பீடு, மணிக்கு 15 டாலர் கூலி, கருக்கலைப்பு உரிமை, தனியார் சிறைகளுக்கு முடிவு. வேறொரு செல்வ நாட்டில் இவற்றில் பாதியை வலதுசாரிகள்கூட எதிர்க்கமாட்டார்கள். லரேடோவில் இவை தீவிரவாதம் என்று பெயர் பெற்றன.

2020 பிப்ரவரியில் சபைத் தலைவர் நான்சி பெலோசி நேரில் லரேடோவுக்கே வந்து குவேயாருக்காக நின்றார். அதே தேர்தலில் குவேயாருக்கு ஆதரவாக இறங்கிய இன்னொரு தரப்பு, கோக் சகோதரர்கள் உருவாக்கிய அரசியல் வலைப்பின்னலைச் சேர்ந்த அமைப்பு. தொழிற்சங்கங்களையும் பொது மருத்துவக் காப்பீட்டையும் ஒழிப்பதற்குப் பல பத்தாண்டுகளாகப் பணம் கொட்டிவந்த வலைப்பின்னல் அது. அமெரிக்க வர்த்தக சங்கமும் அவருக்கே ஆதரவு. கட்சித் தலைமை தன் வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் யாரோடு தோள் உரசி நிற்கிறோம் என்று தெரிந்திருக்கும். மார்ச் 3 அன்று சிஸ்நெரோஸ் சுமார் 2,700 வாக்குகளில் தோற்றார். பதினைந்து ஆண்டுகளாகப் பதவியில் இருப்பவரை, முன்பு எந்தத் தேர்தலிலும் நின்றிராத 26 வயதுப் பெண் எதிர்த்து 48 சதவீதம் வாங்கியதை எங்கள் நண்பர் தோல்வி என்றார். தோல்விதான். ஆனால் வெல்லக்கூடியவர் அல்லர் என்ற சொல்லுக்கு அது சாட்சியா, எதிர்சாட்சியா?

2022க்கு வருவோம். மீண்டும் போட்டி. ஜனவரி 19 அன்று மத்தியப் புலனாய்வுத் துறையினர் லரேடோவில் குவேயாரின் வீட்டிலும் தேர்தல் அலுவலகத்திலும் சோதனை நடத்தினார்கள். விசாரணையின் இலக்கு அவர் அல்ல என்று அவருடைய வழக்கறிஞர் பின்னர் சொன்னார். மார்ச் 1 அன்று நடந்த முதல் சுற்றில் இருவருமே பாதியைத் தொடவில்லை. இடைவெளி ஆயிரம் வாக்குகள் அளவில். மே 24க்கு இரண்டாம் சுற்று குறிக்கப்பட்டது. மே 2 அன்று, கருக்கலைப்பு உரிமையை ரத்துசெய்யும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வரைவு வெளியே கசிந்தது. நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக ஒலிபெருக்கி முன் வந்து, இந்த உரிமையைக் காக்க எங்களுக்கு வாக்களியுங்கள், நன்கொடை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜிம் கிளைபர்ன், சபையில் கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவர், மே 4 அன்று எங்கே இருந்தார்? சான் அன்டோனியோவில், குவேயாருக்கு வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உரிமைக்கு எதிராக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சி உறுப்பினருக்கு. வரைவு கசிந்து இரண்டே நாளில்.

பெலோசியிடம் செய்தியாளர்கள் இதைக் கேட்டார்கள். குவேயார் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் அல்லர்தான், ஆனால் மசோதாவை நிறைவேற்ற அவர் வாக்கு எங்களுக்குத் தேவைப்படவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். இந்தப் பதிலை நாங்கள் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறோம். தேவைப்படாத வாக்கு என்றால், அந்த வாக்குக்கு உரியவரைக் காப்பாற்ற இவ்வளவு பாடு எதற்கு? இரண்டாம் சுற்றின் கடைசி நாட்களில் தொகுதி மக்களின் தொலைபேசிகளில் பெலோசியின் பதிவுசெய்த குரல் ஒலித்தது. இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கின் புதிய தேர்தல் நிதியம் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. அந்த விளம்பரங்களில் இஸ்ரேல் என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. லரேடோ வாக்காளருக்கு அது கவலையே இல்லை என்பது செலவிட்டவர்களுக்குத் தெரியும்.

வாக்குப்பதிவு நாளான மே 24 அன்றே, பக்கத்துத் தொகுதியில் உள்ள உவால்டேயின் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அன்றிரவு வாக்குகள் எண்ணப்பட்டபோது துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றித் தலைவர்கள் மீண்டும் ஒலிபெருக்கி முன் இருந்தார்கள். முடிவு அறிவிக்க முடியாத அளவுக்கு நெருக்கம். மறு எண்ணிக்கை ஜூன் 21இல் முடிந்தது: 281 ஆக இருந்த இடைவெளி 289 ஆனது. மூன்று நாள் கழித்து, ஜூன் 24 அன்று, உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால உரிமையை ரத்துசெய்தது. ஜூலையில் அதே மசோதா மறுபடி சபைக்கு வந்தபோது அதற்கு எதிராக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

தலைமையின் பக்கம் நிற்பவர்கள் இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். முதலாவது, நடப்பு உறுப்பினரைக் காப்பது எங்கள் கொள்கை, அது ஆளைப் பார்த்து வருவதல்ல என்பது. இது உண்மையாக இருந்தால் மதிக்கலாம். 2020 ஆகஸ்டில் மாசசூசெட்ஸில் என்ன நடந்தது? நடப்பு செனட்டரான எட் மார்க்கியை எதிர்த்து, அப்போது 40 வயதைக்கூட எட்டாத ஜோ கென்னடி நின்றார். பெலோசி ஆதரித்தது கென்னடியை. நடப்பு உறுப்பினர் என்ற கொள்கை அன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொண்டது? மார்க்கி இடதுபக்கம் நிற்பவர். இளைய முற்போக்காளர்கள் எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கிழவருக்காக வீடுவீடாகப் போய் அவரை வெல்ல வைத்தார்கள். எனவே இது முதியவர் இளையவர் சண்டையும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து அறைகூவல் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் கொள்கை விழிக்கிறது அல்லது தூங்குகிறது. இன்னொன்றும் உண்டு. குவேயார் காங்கிரஸுக்குள் நுழைந்தது எப்படி? 2004 பிரைமரியில் சிரோ ரோட்ரிகஸ் என்ற சொந்தக் கட்சியின் நடப்பு உறுப்பினரை எதிர்த்து நின்று, மறு எண்ணிக்கைக்குப் பிறகு மிகச் சொற்ப வாக்குகளில் வென்று. அன்று அது ஜனநாயகம். அதே ஏணியில் அவர் அலுவலகத்துப் பயிற்சிப் பெண் கால் வைத்தபோது அது கட்சிக்குத் துரோகமாகிவிட்டது.

இரண்டாவது நியாயம் கனமானது. அதை ஓரிரு வரியில் தட்டிக்கழிப்பவர்களை நாங்கள் நம்புவதில்லை. எல்லையோரத் தொகுதிகள் வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. தொகுதிக்குள் அடங்கிய ஸ்டார் மாவட்டத்தில் 2016இல் ஹிலாரி கிளிண்டன் 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2020இல் பைடனுக்குக் கிடைத்த வித்தியாசம் 5 புள்ளி. 2024இல் அங்கே டிரம்ப் வென்றார், குடியரசுக் கட்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்காத வெற்றி. தொகுதி முழுவதிலும் டிரம்ப் முந்திய அந்த ஆண்டிலும், குற்றப்பத்திரிகையைச் சுமந்துகொண்டே, குவேயார் 5 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் நண்பர் இதைச் சுட்டிக்காட்டி, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி. சிஸ்நெரோஸ் 2024இல் தோற்றிருக்கக்கூடும். 2022இல் குவேயார் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றதைப் பார்த்தால், அந்த ஆண்டு அவரும் வென்றிருக்கக்கூடும். இரண்டையும் உறுதியாகச் சொல்லும் தகுதி எங்களுக்கும் இல்லை, நண்பருக்கும் இல்லை, வாஷிங்டனில் கணக்குப் போட்டவர்களுக்கும் இல்லை.

முற்போக்காளர்களின் பிழையையும் மறைக்கப்போவதில்லை. சிஸ்நெரோஸ் வாக்குகளை அள்ளியது சான் அன்டோனியோப் பகுதியில். சொந்த ஊரான லரேடோவிலும் ஸ்டார் மாவட்டத்திலும் குவேயாரே முந்தினார். நாடெங்குமிருந்து நன்கொடை வந்தது, பெர்னி சாண்டர்ஸ் வந்தார், ஒகாசியோ கோர்ட்டெஸ் வந்தார். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் மகனையும் எல்லைக் காவலில் இருக்கும் மருமகனையும் உடைய ஒரு கத்தோலிக்கத் தாயின் வீட்டில், வெளியூர்த் தலைவர்களின் பெயர்கள் கதவைத் திறக்குமா என்று அவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை. அந்தத் தாய் முட்டாள் அல்ல. அவளுக்கு மருத்துவச் செலவும் தெரியும், மகனின் சம்பளமும் தெரியும். அவளோடு பேசுவது கடினமான வேலை, பல ஆண்டு வேலை. இரண்டு தேர்தல்களில் அதை ஒரு இளம்பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றியது அவ்வியக்கத்தின் குறைதான்.

ஆனால் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர்கள் யார்? எல்லையோரத்தை இருபது ஆண்டுகளாகத் தங்கள் கோட்டை என்று சொல்லிக்கொண்டு, அங்கே குவேயார் என்ற ஒரு மனிதரைத் தவிர வேறு எதையும் கட்டாமல் விட்டவர்கள். 2024இல் அவர் ஜெயித்தார். அவருக்கு மேலே, குடியரசுத் தலைவர் போட்டியில், கட்சி தோற்றது. அவர் சேர்த்த வாக்குகள் அவருடையவை, கட்சியுடையவை அல்ல. வெல்லக்கூடியவரை வைத்து ஒரு தொகுதியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அந்த மனிதர் மட்டுமே மிஞ்ச, அவரைச் சுற்றிலும் நிலம் கரைந்துபோயிற்று. ஒரு கட்சி எதை நம்புகிறது என்று அந்தத் தாய்க்கு யாரும் இருபது ஆண்டுகளாகச் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு வந்தவரெல்லாம், நாங்கள் அவர்களைப் போல அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொன்னார்கள். அசலே வாசலில் வந்து நின்றபோது அவள் அசலுக்கு வாக்களித்தாள். இதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

பெரிய கூடாரம் என்ற இன்னொரு சொல்லையும் அவர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எல்லாக் கருத்துக்காரர்களுக்கும் கட்சிக்குள் இடமுண்டு என்பது பொருள். கருக்கலைப்பு உரிமையை எதிர்ப்பவருக்கும், தொழிற்சங்க உரிமையை எதிர்ப்பவருக்கும் இடமுண்டு என்று எங்களிடம் சொன்னார்கள். சரி, இருக்கட்டும். அந்தக் கூடாரத்தில் சிஸ்நெரோஸுக்கு ஆலோசனை சொன்னவருக்கு ஒப்பந்தம் கிடையாது என்று 2019இல் வாசலில் எழுதி ஒட்டியது யார்? வலப்பக்கத் திரை எப்போதும் தூக்கியே இருக்க, இடப்பக்கம் மட்டும் முளையடித்து இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு பந்தலைக் கூடாரம் என்று எப்படிச் சொல்வது?

பொறுத்திரு, உன் முறை வரும் என்பதும் இளைஞர்களிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. குவேயார் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு முதலில் தேர்வானது 1986இல்; பிறந்தது 1955இல். முப்பத்தோரு வயதில் அவரிடம் யாரும் பொறுத்திரு என்று சொன்னதாகத் தெரியவில்லை. 2022இல் பெலோசிக்கு 82 வயது, கிளைபர்னும் எண்பதைக் கடந்தவர். இவர்கள் சொல்லும் முறை எப்போது வரும்? முதுமையை இகழ்வது எங்கள் நோக்கமன்று. மார்க்கியைப் பற்றி மேலே சொன்னோம். தங்கள் இடத்தைத் தாங்களே விட்டுக்கொடுக்காதவர்கள் அடுத்தவருக்குப் பொறுமையைப் போதிப்பதைத்தான் சொல்கிறோம்.

2025 டிசம்பருக்குத் திரும்புவோம். மன்னிப்புக் கிடைத்த அதே நாளில் குவேயார் மறுபடியும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவே மனுத் தாக்கல் செய்தார். சில நாட்களில் டிரம்ப் கோபப்பட்டு எழுதினார்: காப்பாற்றிய பிறகும் அவர் எதிர்க்கட்சியிலேயே நிற்கிறார், விசுவாசமே இல்லை என்று. அந்தக் குறையைப் படித்து எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது. டிரம்ப் எதிர்பார்த்தது கைம்மாறு. அவராவது அதை வெளிப்படையாகக் கேட்டார். 2020இலும் 2022இலும் இதே மனிதரைக் காப்பாற்றிய அவருடைய கட்சித் தலைவர்கள், பதிலுக்கு அவரிடம் ஒரு மசோதாவுக்கான வாக்கைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

எங்கள் மூத்த நண்பர் இக்கட்டுரையின் கைப்பிரதியைப் படித்துவிட்டு, எல்லாம் சரி, அந்தப் பெண் வென்றிருந்தால் ஒரே ஒரு வாக்குதானே மாறியிருக்கும் என்றார். ஆம், ஒரு வாக்குதான். அந்த ஒன்றைத் தடுக்கத்தான் சபைத் தலைவர் லரேடோவுக்குப் போனார், கிளைபர்ன் சான் அன்டோனியோவுக்குப் போனார், லட்சக்கணக்கான டாலர் போயிற்று. வெல்லக்கூடியவர் அல்லாத ஒருவரைத் தோற்கடிக்க இத்தனை பேர் எதற்கு என்ற எங்கள் கேள்விக்கு நண்பர் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதினால் அதையும் இங்கே வெளியிடுவோம்.